ஒரு நாள் சம்பளத்துக்கு எத்தனை லீற்றர்?

கனடாவில் வாழும் அன்பர் ஒருவர், தஞ்சைப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர், எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். பெற்றோல் விலை ஏறிய காலத்தில் தாம் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ரயிலில் வேலைக்குப் போகத் தொடங்கியதையும், வாரம் இருமுறை கடைக்குப் போனவர் ஒருமுறையாகச் சுருக்கிக் கொண்டதையும் விவரித்துவிட்டு, "உங்கள் நாட்டில் மக்கள் வாகனம் ஓட்டும் பழக்கத்தை எப்படி மாற்றிக் கொண்டார்கள்?" என்று கேட்டிருந்தார்.

எளிமையான கேள்விதான். ஆனால் கொழும்பிலிருந்து சொல்லும் பதில் ஒன்று, ஹட்டனிலிருந்து சொல்லும் பதில் வேறொன்று. தோட்டத்து மக்களிற் பெரும்பாலோருக்கு ஓட்டுவதற்கு வாகனமே கிடையாது. ஓட்டாத மனிதனின் ஓட்டும் பழக்கத்தை எரிபொருள் விலை எப்படி மாற்றுகிறது? இதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

முதலில் 2022 ஜூலை மாதத்தில் நான் கண்டதைச் சொல்லி விடுகிறேன். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறினேன். உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. வேறு காலமாயிருந்தால் வேனிலும் காரிலும் போயிருக்கக்கூடியவர்கள் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். ஹட்டனில் இறங்கி வீதிக்கு வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை முச்சக்கர வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றிலும் எஞ்சின் ஓடவில்லை. வரிசை ஓரடி நகரும்போது சாரதிகள் இறங்கி வண்டியைக் கையால் தள்ளினார்கள். அந்த ஓரடிக்காக எஞ்சினை முடுக்கினால் அதற்கும் எண்ணெய் செலவாகுமல்லவா?

நான் பேச்சுக் கொடுத்த இளைஞருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். "நேத்து ராத்திரி வந்தது சேர். வண்டிக்குள்ளயே தூங்குறேன். வீட்டுக்குப் போயிட்டு வந்தா இடமும் போயிரும், இருக்கிற எண்ணெயும் போயிரும்" என்றார். அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். தாயின் ஒரு நாள் சம்பளத்தையும் ஒரு லீற்றரின் விலையையும் ஒப்பிட்டு அவர் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை நான் பிறகு ஆண்டு வாரியாகப் போட்டுப் பார்த்தேன்.

பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியானது. அப்போது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபா. ஒரு நாள் சம்பளத்துக்கு ஏழு லீற்றருக்கு மேல் கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில் விலை 157 ஆயிற்று, டிசம்பரில் 177. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே 24 அன்று 420, ஜூன் 26 அன்று 470. சம்பளம் மட்டும் அதே 1000 ரூபாவில் நின்றது. பதினைந்து மாதங்களில் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு ஏழு லீற்றரிலிருந்து இரண்டு லீற்றராகச் சுருங்கிவிட்டது. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால்!

ஹட்டன் என்ற ஊரே போக்குவரத்துச் செலவின் பிள்ளை என்று சொன்னால் மிகையில்லை. கோப்பிக் காலத்தில் மலையிலிருந்து மூட்டைகள் முதலில் மனிதர்களின் தலையில் இறங்கின. பிறகு தவளம் எனப்படும் பொதிமாடுகளிலும், பாதை உள்ள இடங்களில் இரட்டை மாட்டு வண்டிகளிலும் கொழும்புக்குச் சென்றன. கண்டி வீதியை 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமைத்தார். மாட்டு வண்டி கொழும்புக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்காகும். மழைக்காலத்தில் வீதி சேறாகும், மாடுகள் நோயில் விழும், வண்டிக்கூலி ஏறும். ரயில் பாதை வேண்டுமென்று தோட்டத்துரைமார் ஓயாது வற்புறுத்தியதன் காரணம் இதுதான். 1867 இல் ரயில் கண்டியை எட்டியது. 1874 இல் நாவலப்பிட்டி. 1884 இல் ஹட்டன். அடுத்த ஆண்டு நானுஓயா.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோப்பிக்காகக் கேட்கப்பட்ட ரயில் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலை நோய் செடிகளை அழித்துவிட, வண்டியில் ஏறியது தேயிலைப் பெட்டிதான். அந்தப் பெட்டியை உண்டாக்கியவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் மாண்டவர்களின் தொகையை எவரும் முறையாக எண்ணி வைக்கவில்லை. போக்குவரத்துச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டிய போதெல்லாம் அந்த மிச்சம் தொழிலாளியின் காலிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்பது இந்த வரலாறு முழுவதிலும் எனக்குத் தெரிகிற ஒரு கோடு.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறிய ரயில் ஓடியது இன்றைய இளைஞர்களிற் பலருக்குத் தெரியாது. இரண்டரை அடி அகலத்தில் குறுகிய பாதை. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் திறந்தார்கள். மலை விளிம்பில் நெளிந்து நெளிந்து போகும். தேயிலையையும் மரக்கறியையும் மனிதரையும் சுமந்த அந்த ரயிலைக் கொன்றது லொறியும் பஸ்ஸும்தான். பெற்றோல் மலிவாகக் கிடைத்த காலம் அது. வாசலுக்கே வரும் லொறியை விட்டு ஸ்டேசனுக்கு யார் பெட்டியைத் தூக்குவார்கள்? 1940களில் பாதை மூடப்பட்டு, தண்டவாளமும் கழற்றப்பட்டது. மலிவான எண்ணெய் ஒரு பழக்கத்தை உண்டாக்கும்போது அதற்கு முந்திய பழக்கத்தின் தடயத்தையும் துடைத்து விடுகிறது. எண்ணெய் விலை ஏறிய பிறகு, இராகலைக்காரர் திரும்பிப் போய் ஏறுவதற்கு அந்த ரயில் காத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பெற்றோல் பங்கீடு என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, குறிப்பாக 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய காலத்தை ஒட்டி, எண்ணெய் படைகளுக்கே போதாதிருந்தது. அக்கரையில், தமிழ்நாட்டில், பஸ்களின் பின்புறம் கரி அடுப்பைக் கட்டி, அதில் உண்டாகும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து கொடுத்தது. காலையில் பஸ் புறப்படுவதற்கு முன் அடுப்பை மூட்டி விசிறிக்கொண்டிருந்த கதையை அந்தக் காலத்து மதுரைக்காரர் ஒருவர் எனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். ஏற்றம் வந்தால் வாயு போதாது. பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். சமவெளி மதுரைக்கே அப்படியென்றால் கினிகத்தேனை ஏற்றத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது 1973. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பின்னர் ஒரு பீப்பாய் மசகெண்ணெய் மூன்று டொலரளவிலிருந்து ஒரு சில மாதங்களில் பன்னிரண்டு டொலரை நெருங்கியது. அமெரிக்காவில் பெற்றோல் நிலையங்களில் கார்கள் வரிசை பிடித்த படங்கள் உலகம் முழுவதும் வெளியாயின. அங்கே மக்கள் சிறிய ஜப்பானியக் கார்களுக்கு மாறினார்கள்; நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. வாகனப் பழக்கம் மாறியது என்று புத்தகங்களில் எழுதப்படுவது இதைத்தான்.

மலையகத்தில் அதே நெருக்கடி கார் வழியாக வரவில்லை, கோதுமை மாவு வழியாக வந்தது. எண்ணெய்க்கும் உணவுக்கும் ஒரே நேரத்தில் உலக விலை ஏறியது. தேயிலையின் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. இருந்த அந்நியச் செலாவணி போதாமல் அரிசியும் மாவும் பங்கீட்டில் குறைந்தன. 1973, 74 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ரொட்டிக்கு மாவில்லாமல் கீரையையும் கிழங்கையும் தேடி அலைந்தவர்கள், தோட்டத்தை விட்டு நகரங்களில் கையேந்தி நின்றவர்கள் ஆகியோரைப் பற்றி மூத்த நிருபர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் விலையேற்றத்தின் வரலாற்றில் இந்தப் பட்டினியையும் எழுதியாக வேண்டும் என்பது என் கருத்து. எழுதுவோர் அரிது.

தொழிற்சாலைகளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கொழுந்தை உலர்த்துவதற்கு எண்ணெய் உலைகளை அமைத்திருந்த தேயிலைத் தொழிற்சாலைகள் விலையேற்றத்துக்குப் பின்னர் விறகுக்குத் திரும்பின. டர்பன்டைன் என்று நம்மவர் சொல்லும் யூக்கலிப்டஸ் மரங்கள் மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்பதற்கு இந்த விறகுத் தேவையும் ஒரு காரணம்.

முச்சக்கர வண்டி வந்த பிறகு காட்சி மாறியது. தோட்டத்து லயத்திலிருந்து பிரதான வீதிக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் என்பது சாதாரணம். பஸ் பல தோட்டங்களுக்கு உள்ளே வராது. நோயாளியை முன்பெல்லாம் கம்பளித் தொட்டிலில் தூக்கி வருவார்கள். அல்லது கொழுந்து லொறியில் ஏற்றுவார்கள், அதற்குத் துரையின் அனுமதி வேண்டும். ஆட்டோ இந்த அனுமதியை இல்லாமற் செய்தது. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க விரும்பாத பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் சில ஆண்டுகள் வேலை செய்து, முற்பணம் சேர்த்து, லீசிங்கில் வண்டி வாங்கித் திரும்பினார்கள். ஒரு லயத்துக்கு ஒரு வண்டி இருந்தாலே போதும். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் கதவைத் தட்டலாம். துரையின் காரும் லொறியும் மட்டுமே எஞ்சின் என்றிருந்த இடத்தில், தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு எஞ்சின். தோட்டத்து வாழ்வில் அண்மைக் காலத்தில் நேர்ந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக இதனையே நான் சொல்வேன். 2022 இல் இதன் மீதுதான் அடி விழுந்தது.

அந்த ஆண்டின் நிகழ்வுகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெப்ரவரி 24 அன்று உக்ரேன் போர் தொடங்கி உலக விலை ஏறியது. மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி, டொலருக்கு இருநூறளவில் இருந்தது மே மாதத்தில் முந்நூற்று அறுபதளவுக்குப் போயிற்று. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 19 அன்று, விலையேற்றத்தை எதிர்த்து ரம்புக்கனையில் ரயில் பாதையை மறித்தவர்கள் மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 28 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். பிறகு கியூ.ஆர். குறியீடு வந்தது. முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20.

ஐந்து லீற்றரை வைத்து மலைப்பாதையில் நூறு கிலோமீற்றர் ஓடினால் அதிகம். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு ஒரு வழி இருபது கிலோமீற்றருக்கு மேல். ஆக, ஒரு வாரத்துக்கு இரண்டு முறை போய் வரலாம். அந்த இரண்டு பயணத்தை எவருக்குக் கொடுப்பது என்பதே சாரதியின் பழக்கமாற்றம். நான் மேலே சொன்ன இளைஞர் ஒரு லீற்றர் எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுச் சாமி தட்டுக்குக் கீழே வைத்திருந்தார். அவருடைய லயத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தார். "அது அந்த அக்காவுக்கு சேர். யாரு என்ன காசு குடுத்தாலும் அத எடுக்க மாட்டேன்" என்றார். டிக்கோயா ஆதார வைத்தியசாலை வரை போக அது போதுமா என்று கேட்டேன். "போறதுக்குக் கிட்டத்தட்டப் போதும். வர்றத அப்புறம் பாத்துக்கலாம். இறக்கத்துல உருட்டிட்டே போயிரலாம்" என்று பதில் வந்தது.

இந்த 'உருட்டிப் போவது' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுவதும், எஞ்சினையே அணைத்து விடுவதும் மலைநாட்டுச் சாரதிகளின் பழைய வழக்கம். விலை ஏறும் காலத்தில் இது கூடுகிறது. நியூட்ரலில் இறங்கும் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பஸ், லொறிகளில் எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தமும் சிறிது சிறிதாகத் தீர்ந்து போகும். மிச்சமாகும் எண்ணெயோ சொற்பம். புதிய வகை எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின்களில் அந்த மிச்சமும் கிடையாது: கியரில் இறங்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் எண்ணெய் அடைபட்டு விடுகிறது, நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்கக் கொஞ்சம் குடிக்கிறது. இதை அந்த இளைஞருக்குச் சொன்னேன். தம்முடையது பழைய கார்புரேட்டர் வண்டி என்றார். அப்படியானாலும் கியரைக் கழற்றாதீர்கள் தம்பி என்றேன். சரி சேர் என்றார். கேட்டிருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

வாகனம் இல்லாதவர்களின் பக்கம் வருவோம். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலை 1 அன்று 40 ஆனது. பஸ்களும் குறைந்தன. சந்தைக்கு வாரம் ஒருமுறை போனவர்கள் சம்பளம் வாங்கிய நாளில் மட்டும் போனார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பி எல்லோருக்குமான மாவையும் பருப்பையும் வாங்கிவரச் சொன்னார்கள். தேயிலை மலையின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதைகள், புல் மூடிக் கிடந்தவை, மறுபடியும் நடமாட்டத்துக்கு வந்தன. பாடசாலைகள் ஜூலை 25 அன்று மீண்டும் திறந்தபோது வாரத்துக்கு மூன்று நாட்களே நடந்தன. நகரத்துப் பிள்ளைகளுக்கு மற்ற நாட்களில் இணையவழி வகுப்பு. லயத்துப் பிள்ளைக்கு அந்த நாட்கள் வெறும் நாட்கள்தாம்.

பெற்றோல் விலைக்குக் கிடைத்த தலைப்புச் செய்தி மண்ணெண்ணெய்க்குக் கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு. 2022 ஆகஸ்ட்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆயிற்று. மீனவருக்கு அதனால் நேர்ந்த பாதிப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுதினோம். லயத்து அடுப்பையும் விளக்கையும் பற்றி எழுதியது மிகக் குறைவு. எரிவாயு கிடைக்காமல் மண்ணெண்ணெய்க்கு வந்தவர்கள் அங்கிருந்து விறகுக்குப் போனார்கள். அந்திப் பொழுதில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறும் பெண்களைத் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ரயில் ஜன்னலிலிருந்தே எண்ணலாம். தொழிற்சாலை 1970களில் செய்த அதே மாற்றத்தை வீடு ஐம்பது ஆண்டு கழித்துச் செய்தது. தொழிற்சாலைக்கு விறகு லொறியில் வந்தது.

பொருளியலார் ஒரு கணக்குச் சொல்வார்கள். பெற்றோல் விலை பத்து வீதம் ஏறினால் உடனடியாக நுகர்வு இரண்டு மூன்று வீதத்துக்கு மேல் குறைவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, மக்கள் வேறு வாகனம் வாங்கி, வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்து, மேலும் குறைக்கிறார்கள் என்பது அதன் சாரம். கையில் காசும் மாற்று வழியும் உள்ள சமூகங்களை வைத்துப் போட்ட கணக்கு இது. பொகவந்தலாவைக்காரருக்கு மாற்றுவதற்கு வேறு வாகனமில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியே தடைப்பட்டிருந்தது. குடிபெயர வீடும் இல்லை, ஏனெனில் இருக்கும் லயமே தோட்டத்துக்குச் சொந்தமானது.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 2021 இல் தேயிலை ஏற்றுமதியால் நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 130 கோடி டொலர். அதே ஆண்டில் எரிபொருள் இறக்குமதிக்குச் செலவானது ஏறத்தாழ 370 கோடி டொலர். அதே டிசம்பரில், ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் பழைய கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதென்று ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை. 2023 இல் அது கப்பலேறத் தொடங்கியது. நாடு எரித்த எண்ணெய்க்கு விலையாகக் கொழுந்தையே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்தவர், தமது மகனின் ஆட்டோவுக்கு இரண்டு லீற்றர் வாங்க ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றார்.

கியூ.ஆர். முறை 2023 செப்டம்பர் 1 அன்று கைவிடப்பட்டது. 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மறுபடியும் ஹட்டனுக்குப் போயிருந்தேன். வரிசைகள் இல்லை. ஆட்டோ நிறுத்தத்தில் முதலில் நின்ற வண்டியை நெருங்கினேன். முன்பெல்லாம் "எங்க போகணும் சேர்?" என்று மட்டும் கேட்பார்கள். இவர் இன்னொன்றும் கேட்டார்: "தனியாப் போறீங்களா, சேர்ந்து போறீங்களா?" பின்னால் ஏற்கெனவே இரண்டு பெண்கள் மாவு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சேர்ந்தே போகலாம் என்றேன். நோர்வூட் வரை வந்தவர்களில் ஒருவர், பொகவந்தலாவை இளைஞரைத் தமக்குத் தெரியும் என்றார். வண்டியை லீசிங் நிறுவனம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அவர் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறாராம். அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆண் குழந்தை, வைத்தியசாலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றார்.